கானகத்தின் காவலர் ஜான் மியூர்

முன்னுரை

ஒருநாள் எங்கள் வரலாற்று ஆசிரியை கரும்பலகையில் இரண்டே சொற்களை எழுதினார்: பொதுச் சொத்து. இதற்குப் பொருள் என்ன என்று எங்களைக் கேட்டார். யாருக்கும் சொந்தமில்லாதது என்றாள் முன்வரிசைத் தோழி ஒருத்தி. அதனால்தான் கை நீளமானவர் எல்லாரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். இல்லை, அது எல்லாருக்கும் சொந்தமானது என்றாள் மற்றொருத்தி. அப்படியானால் அதைக் காப்பது யார் வேலை என்று மூன்றாமவள் கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் எங்களோடு வீடு வரை வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பள்ளி நூலகத்துக்குச் சென்றோம். அங்கே நெடிய தாடியும் நடந்து நடந்து உரமேறிய கால்களும் உடைய ஒரு பெரியவரைப் பற்றி அறிந்தோம். அமெரிக்க நாட்டில் காடுகள் யாருக்கும் சொந்தமில்லாதவை என்று கோடரிகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவை எல்லாருக்கும் சொந்தமானவை என்று எழுதி எழுதியே ஒரு நாட்டின் மனத்தை மாற்றியவர் அவர். ஜான் மியூர் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்வை எங்களால் இயன்ற அளவில் இங்கே எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஜான் மியூர் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். தந்தை டேனியல் மியூர் இறைப்பற்று மிக்கவர். அதைவிடக் கண்டிப்பு மிக்கவர். புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் ஜான் மனப்பாடம் செய்ய நேர்ந்தது. ஒரு பக்கம் தவறினாலும் பிரம்படி கிடைக்கும். இருபது வரிச் செய்யுளுக்கே பெருமூச்சு விடும் நாங்கள் இதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

1849ஆம் ஆண்டில் அந்தக் குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. காட்டைத் திருத்தி வயலாக்கும் வேலை பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் விழுந்தது. மரத்தை வெட்டுவதும் வேரைத் தோண்டுவதும் ஏர் ஓட்டுவதுமாக நாட்கள் கழிந்தன. பின்னாளில் மரங்களுக்காக வாதாடியவர் இளமையில் மரம் வெட்டியே வளர்ந்தவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய இரண்டாவது பண்ணையில் தண்ணீர் இல்லை. கடினமான மணற்பாறையில் கிணறு தோண்டும்படி தந்தை ஜானுக்குக் கட்டளையிட்டார். காலையில் ஒரு வாளியில் உட்கார வைத்து அவரைக் கீழே இறக்குவார்கள். உளியும் சுத்தியுமாகப் பாறையைச் செதுக்குவார். மாலையில் மேலே தூக்குவார்கள். ஏறத்தாழ எண்பதடி ஆழம் போனபின் ஒரு நாள், கிணற்றடியில் தேங்கியிருந்த நச்சுக் காற்று அவரை மயக்கியது. தந்தையின் குரல் கேட்டு வாளியைப் பற்றிக்கொண்டதால் உயிர் பிழைத்தார். உடல் தேறியதும் மறுபடியும் இறங்கி, தொண்ணூறடியில் நீர் கண்டார். ஒரு குடம் தண்ணீரின் விலை என்ன என்று அறிந்தவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தோழியரை வேண்டுகிறோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

பகலெல்லாம் பண்ணை வேலை. படிக்க நேரம் வேண்டுமென்றால் அதிகாலையில் எழுந்துகொள்ளலாம் என்று தந்தை அனுமதித்தார். மகன் இரவு ஒரு மணிக்கே எழத் தொடங்கினார்! அந்தக் குளிர்ந்த இருளில் நூல்கள் படித்தார். மரத்தால் கடிகாரங்கள் செய்தார். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்துத் தூங்குபவரைக் கீழே இறக்கிவிடும் ஒரு பொறியையும் செய்தார். எங்கள் விடுதித் தோழியர் இப்பொறியைப் பற்றி அருட்சகோதரியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுகின்றனர். 1860ஆம் ஆண்டு மாநிலக் கண்காட்சியில் இவை பாராட்டுப் பெற்றன. அடுத்த ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குதான் உடன் பயின்ற ஒருவர் ஒரு பூவைப் பிரித்துக் காட்டித் தாவரவியலை அவருக்கு அறிமுகப்படுத்தினார். பட்டம் பெறாமலே 1863இல் வெளியேறினார்.

இழந்த கண்ணும் பெற்ற ஒளியும்

1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மியூர் வேலை பார்த்தார். இயந்திரத்தின் வார்ப்பட்டையைச் சரிசெய்கையில் கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணில் பாய்ந்தது. சிறிது நேரத்தில் இடக்கண்ணும் பார்வை மங்கிப் போயிற்று. இருபத்தெட்டு வயதில் இருண்ட அறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். இனி ஒரு மலரைக் காண முடியாதே என்பதே அவரது பெருந்துயரம்.

நல்லவேளையாகப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பியதும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மனிதர் செய்யும் இயந்திரங்களோடு இனிமேல் வாழ்வதில்லை. இறைவனின் படைப்பைக் காண்பதே இக்கண்களின் வேலை என்று துணிந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். பையில் புதிய ஏற்பாடும், இரண்டு கவிதை நூல்களும், ஒரு தாவரவியல் நூலும் இருந்தன. கென்டக்கியிலிருந்து புளோரிடாக் கடற்கரை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரம் நடந்தார். வழியில் மலேரியாக் காய்ச்சல் கண்டு சாவின் வாயில் வரை சென்று மீண்டார். கியூபா வழியாக 1868 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வந்திறங்கினார். இறங்கியதும் அந்தப் பெருநகரில் தங்காமல் சியரா நெவாடா மலையை நோக்கி நடந்தார்.

மலை தந்த கல்வி

அந்த மலையில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இருபுறமும் ஆயிரக்கணக்கான அடி உயரச் செங்குத்துப் பாறைகள். அவற்றிலிருந்து வெண்பட்டாய் விழும் அருவிகள். அங்கே வாழ்வதற்கு மியூர் எந்த வேலையையும் செய்யத் தயாராக இருந்தார். 1869ஆம் ஆண்டு கோடையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளோடு மலைமேல் சென்றார். ஆடுகள் மேய்ந்து சென்ற புல்வெளியில் பூவும் இல்லை, கன்றும் இல்லை. மேய்ப்பனாகச் சென்றவர் அந்த அழிவைத் தம் கண்ணாலேயே கண்டார். பின்னர் பள்ளத்தாக்கில் ஒரு மர அறுவை ஆலையைக் கட்டி நடத்தினார். புயலில் தானாக விழுந்த மரங்களே அங்கே அறுக்கப்பட்டன.

பாறைகளில் உள்ள கீறல்களையும் வழவழப்பையும் கண்டு, இப்பள்ளத்தாக்கைச் செதுக்கியவை பண்டைய பனியாறுகள் என்று முடிவு செய்தார். நிலம் திடீரெனக் கீழிறங்கியதால் உண்டான பள்ளம் இது என்று மாநிலத்தின் தலைமை நிலவியல் அறிஞர் கூறிவந்தார். ஆடு மேய்த்தவரின் கருத்தை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1871இல் அம்மலையிலேயே இன்னும் உயிரோடிருந்த பனியாறு ஒன்றை மியூர் கண்டுபிடித்தார். பனியாறுகளின் பங்கைப் பிற்கால அறிவியல் ஏற்றுக்கொண்டது.

1864: ஓர் அரிய ஆண்டு

அக்காலத்தில் காடுகளின் நிலை என்ன? அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரும்பாலான நிலம் அரசுடையது. ஆனால் அரசு அதை விற்பதற்காகவே வைத்திருந்தது. சட்டத்தின் ஓட்டைகளில் நுழைந்து மர வணிகர்கள் மலை மலையாக வளைத்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த செக்கோயா மரங்கள் வெடிமருந்து வைத்துப் பிளக்கப்பட்டன. விழும்போதே பல மரங்கள் நொறுங்கி வீணாயின. மிஞ்சியவை கூரை ஓட்டுப் பலகைகளாகவும் வேலிக் கழிகளாகவும் ஆயின.

இருள் நடுவே சில விளக்குகளும் எரிந்தன. 1864ஆம் ஆண்டில் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்னும் அறிஞர், காட்டை அழித்த நாடுகளில் மண்ணும் நீரும் எவ்வாறு அழிந்தன என்று விளக்கி ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் ஒரு செக்கோயாத் தோப்பையும் மக்களின் பொதுப் பயனுக்காகக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்த சட்டம் அது. அதே 1864இல் நம் இந்தியாவிலும் வனத்துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ். அதற்கும் முன்னரே, 1856இல், சென்னையில் பிறந்த ஹியூ கிளெகார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் காட்டுக் காப்பாளராகப் பொறுப்பேற்றிருந்தார். உலகின் பல மூலைகளில் ஒரே கவலை அரும்பிய காலம் அது.

எழுத்தே படைக்கலம்

1876ஆம் ஆண்டு மியூர் நாளிதழில் காடுகளுக்காக எழுதினார். மரங்கள் மலைமேல் உள்ள நீர்த்தொட்டிகள். அவை போனால் கீழே உள்ள உழவர்களின் வயல்களும் போகும் என்பது அவர் வாதம். 1880இல் லூயி ஸ்ட்ரென்ட்ஸல் என்னும் பெண்மணியை மணந்தார். மாமனாரின் பழத்தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தி நல்ல பொருளும் ஈட்டினார். வாண்டா, ஹெலன் என இரு பெண் மக்கள் பிறந்தனர். ஆனால் மலையைப் பிரிந்த மனிதர் நோயுற்று இளைத்தார். 1888ஆம் ஆண்டு அவர் வெளியூரில் இருந்தபோது மனைவியே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தோட்டத்துக்காக அவருடைய உடல்நலத்தையும் எழுத்துப் பணியையும் பலியிட வேண்டாம், நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிடலாம் என்று அதில் சொன்னார். புகழ் பெற்றவர்களைப் பற்றிப் படிக்கும் நாங்கள், புகழ் பெறாத இந்த அம்மையாரையும் வணங்குகிறோம்.

1889இல் இதழாசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனுடன் மியூர் மலைக்குச் சென்றார். ஆடுகளால் மொட்டையான புல்வெளிகளைக் கண்டு ஜான்சன் திகைத்தார். இருவரும் தீப்பந்தத்தின் அருகில் அமர்ந்து ஒரு திட்டம் தீட்டினர். மியூர் கட்டுரைகள் எழுத, ஜான்சன் அவற்றை அச்சிட்டுத் தலைநகரில் ஆதரவு திரட்டினார். 1890ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1891இல் பொது நிலத்திலுள்ள காடுகளைப் பாதுகாக்கப்பட்ட காடுகளாக அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கும் சட்டமும் வந்தது. 1892இல் சியரா சங்கம் தொடங்கப்பட்டது. மியூர் அதன் முதல் தலைவரானார். இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இரு நண்பர்கள், இரு வழிகள்

1896ஆம் ஆண்டு மேற்குக் காடுகளை ஆராய ஒரு குழு புறப்பட்டது. அதனுடன் சென்ற மியூரும், அதன் செயலாளரான இளைஞர் கிஃபோர்டு பின்ஷோவும் நண்பர்களாயினர். பின்ஷோ பிரான்சு நாட்டில் வனவியல் கற்றவர். நம் நாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிராண்டிஸைக் குருவாகக் கொண்டவர். குழுவின் பணியை அடுத்து, 1897 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து 13 இடங்களில் 2 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடுகளைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவித்தார்.

இருவரும் காட்டை நேசித்தனர். ஆனால் பின்ஷோவின் கருத்து வேறு. காடு மக்களுக்குப் பயன்பட வேண்டும். அறிவோடு வெட்டினால் அது என்றும் தீராது. பெரும்பாலோர்க்கு நீண்ட காலம் கிடைக்கும் நன்மையே அளவுகோல் என்றார் அவர். மியூரோ சில இடங்களேனும் கோடரி படாமல் இருக்க வேண்டும் என்றார். பயன் என்பது பலகை மட்டும் அன்று. களைத்த மனத்துக்கு அமைதியும் பயனே என்பது அவர் கொள்கை. 1905இல் தொடங்கிய அமெரிக்க வனத்துறைக்குப் பின்ஷோ முதல் தலைவரானார். பிற்காலத்தில் இவ்விரு கருத்துகளும் நேருக்கு நேர் மோதின.

மூன்று இரவுகள்

1903ஆம் ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். விருந்துகளையும் வாணவேடிக்கைகளையும் விட்டுவிட்டு மியூரோடு மூன்று இரவுகள் காட்டில் தங்கினார். முதல் இரவு செக்கோயா மரங்களின் அடியில் உறங்கினர். இரண்டாம் இரவு பனி பெய்து போர்வைகளை மூடியது. ரூஸ்வெல்ட் தம் பதவிக் காலத்தில் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் பொது நிலத்துக்குப் பாதுகாப்பு அளித்தார். 1906இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. 1903இல் தொடங்கிய உலகப் பயணத்தின்போது மியூர் இந்தியாவுக்கும் வந்து இமயமலையின் தேவதாரு மரங்களைக் கண்டு மகிழ்ந்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

வென்றவர் தோற்ற கதை

யோசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்று மற்றொரு அழகிய பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே அணை கட்டிக் குடிநீர் எடுக்கச் சான்பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. 1906 ஏப்ரலில் அந்நகரை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. தீயை அணைக்கத் தண்ணீர் இல்லாமல் மக்கள் தவித்ததைக் கண்ட நாடு, நகரத்தின் கோரிக்கைக்கு இரங்கியது. பின்ஷோ அணையை ஆதரித்தார். மியூர் எதிர்த்தார். நகருக்கு நீர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேறு இடங்களிலிருந்து எடுக்கலாம், மக்களுக்கென்று ஒதுக்கிய பூங்காவை ஒரு நகருக்குக் கொடுத்தால் பிறகு எந்தப் பூங்காவும் தங்காது என்றார்.

இவ்விடத்தைப் படித்தபோது எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பள்ளத்தாக்குக்காகச் சிலர் உருகினர். அப்போது, கோடையில் விடியுமுன் குழாயடியில் குடம் வைத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் தோழி ஒருத்தி எழுந்தாள். அழகைப் பற்றிப் பேசுவது குடம் நிறைந்தவர்களுக்கு எளிது என்றாள். எவரும் வாய் திறக்கவில்லை. பிறகுதான் அந்தத் தொண்ணூறடிக் கிணறு எங்களுக்கு நினைவு வந்தது. தண்ணீருக்காக உயிரைப் பணயம் வைத்த ஒருவரே அணை வேண்டாம் என்றார் என்றால், தாகத்தை அறியாமல் அவர் பேசவில்லை. ஆயினும் தோழியின் சொல்லையும் எங்களால் தள்ள முடியவில்லை.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் அணைக்கு அனுமதி தரும் சட்டம் கையெழுத்தாயிற்று. மியூர் தோற்றார். ஓராண்டு கழிந்தது. நுரையீரல் அழற்சியால் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் 1914 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில், தம் 76ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். எழுதி முடிக்காத அலாஸ்காப் பயண நூலின் தாள்கள் படுக்கையருகே கிடந்தன. அணை 1923இல் எழுந்தது. 1934இல் அந்நீர் நகரை அடைந்தது. இன்றும் அந்நகரத்தார் அதைப் பருகுகின்றனர். ஆனால் அந்தத் தோல்வி நாட்டை விழிக்கச் செய்தது. பூங்காக்களைக் காக்கத் தனித்துறை வேண்டும் என்ற குரல் வலுத்து, 1916இல் தேசியப் பூங்காத் துறை பிறந்தது.

அவர் காணத் தவறியது

பெரியோரின் குறையை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. யோசெமிட்டி ஆளில்லாத காடாக இருந்ததில்லை. அவானிச்சி என்னும் பழங்குடியினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1851இல் ஆயுதப் படையொன்று புகுந்து அவர்களைத் துரத்தியது. மியூர் வியந்த புல்வெளிகளையும் தோப்புகளையும் அவ்வாறு வைத்திருந்தவர்கள் அவர்களே. காலம் அறிந்து சிறு தீ மூட்டிப் புதர்களை எரித்து அவர்கள் காட்டைப் பேணினர். செக்கோயாவின் காய்கள் வெடித்து விதை சிந்தவும் தீயின் வெப்பம் துணை செய்கிறது என்று இன்று அறிவியல் கூறுகிறது. மியூரோ தம் இளமை எழுத்துகளில் அம்மக்களை இழிவாகக் குறிப்பிட்டார். பிற்காலத்தில் அலாஸ்காவின் பழங்குடியினரோடு பழகியபோது அவர் நோக்கு ஓரளவு மாறியது. அவர் தொடங்கிய சியரா சங்கமே 2020ஆம் ஆண்டில் இக்குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டு மக்களின் உரிமைகளைச் சுருக்கியது. 2006இல்தான் அவ்வுரிமைகளை ஏற்கும் சட்டம் வந்தது. கண்ணொளி இழந்து மீண்டும் பெற்றவரும் காணத் தவறியது உண்டென்றால், நாம் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்!

முடிவுரை

மறுவாரம் இக்கட்டுரையை ஆசிரியையிடம் காட்டினோம். பொதுச் சொத்து என்றால் என்ன என்று அவர் மறுபடியும் கேட்டார். இம்முறை நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. எல்லாருக்கும் சொந்தமானது என்று சொல்வது எளிது. அந்த எல்லாரில் யார் யார் அடங்குவர் என்பதே கடினமான கேள்வி. நமக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் அடங்குவர். குழாயடியில் குடத்தோடு நிற்கும் எங்கள் தோழி அடங்குவாள். இன்னும் பிறக்காத பிள்ளைகளும் அடங்குவர். இவர்களில் கடைசியாகச் சொன்னவர்களுக்கு வாயில்லை. அவர்களுக்காகத் தம் வாழ்நாளெல்லாம் பேசியவர் ஜான் மியூர். அதனால்தான் தோற்ற பின்னும் அவர் பெயர் நிற்கிறது.

எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதை நட்டவர் யார் என்று கேட்டுப் பார்த்தோம், எவருக்கும் தெரியவில்லை. அதன் நிழலில்தான் நாங்கள் நாள்தோறும் சோற்றுப் பொதியைப் பிரிக்கிறோம். நாங்கள் பள்ளியை விட்டுப் போனபின் வரப்போகும் தங்கையருக்கும் அந்த நிழலில் பங்குண்டு.